பட்டியலில் ஒரு பள்ளம்

(மதுரையில் பெற்றோரும் மாணவரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் இதுபோன்ற ஒரு கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் ஓர் அம்மா மட்டும் கடைசி வரிசைப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பாலிதீன் கவர். உள்ளே மதிப்பெண் பட்டியல்கள், பழைய ரசீதுகள், ஓர் ஆதார் நகல். அருகில் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "மேடம், எல்லார் முன்னாடியும் கேக்கச் சங்கடமா இருந்துச்சு. பையன் பத்தாவதுல தொண்ணூத்திரெண்டு பர்சென்ட். பதினொண்ணுல அம்பத்தெட்டு. அமெரிக்காவுலதான் காலேஜ் படிப்பேங்கறான். இந்த மார்க்க மறைக்க ஏதாவது வழி இருக்கா?"

மறைக்க. அந்தச் சொல்தான் என்னை இன்று இங்கே பேச வைத்திருக்கிறது. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களை வாசித்தவள் நான். ஏறி இறங்கிய மதிப்பெண்கள் எனக்குப் புதிதல்ல. அவற்றால் இடம் இழந்தவர்களைவிட, அவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாததால் இடம் இழந்தவர்களையே நான் அதிகம் பார்த்தேன்.

முதலில், அங்கே என்ன கேட்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் படிக்கப் போனவர்களின் எண்ணிக்கை 2023-24 கல்வியாண்டில் 3,31,602. அதில் இளநிலைப் படிப்பில் இருந்தவர்கள் ஏறத்தாழ 36,000 பேர்தான். மீதிப் பேரில் பெரும்பாலோர் எம்.எஸ். போன்ற மேற்படிப்புக்காரர்கள், அல்லது படிப்பை முடித்துவிட்டு அங்கே பயிற்சி வேலையில் இருப்பவர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் சொந்தத்தில் அமெரிக்கா போன சித்தப்பா மகனோ அத்தை மகளோ இருந்தால், அவர்களுக்குத் தெரிந்தது எம்.எஸ். வழி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் போகும் வழி வேறு. அவர்கள் அன்போடு சொல்லும் யோசனை பல நேரம் பொருந்தாமல் போவது இதனால்தான்.

அந்த வழியில் கல்லூரிகள் கேட்பது நான்கு ஆண்டு மதிப்பெண்கள். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நம் வீடுகளில் ஒன்பதாம் வகுப்பு பத்துக்கு முந்தைய ஓய்வு, பதினொன்று பன்னிரண்டுக்கு முந்தைய ஓய்வு. பதினோராம் வகுப்பின் கதை உங்களுக்கே தெரியும். பல தனியார் பள்ளிகள் அந்தப் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்துவிடும். அதைத் தடுக்கத்தான் அரசு 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது. 2025-26 முதல் அது நீக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இனிமேல் பதினோராம் வகுப்பு மதிப்பெண் என்பது உங்கள் பள்ளி தரும் மதிப்பெண்தான். பொதுத்தேர்வு இல்லை என்பதற்காக அந்த ஆண்டைப் பிள்ளைகள் கைவிட்டால், நாம் கைவிட்ட அந்த ஆண்டைத்தான் அங்கே ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிப்பார். விண்ணப்பம் போகும் நேரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்திருக்காது. முழுதாக முடிந்த கடைசி ஆண்டு பதினொன்றுதான்.

இன்னொன்று கட்-ஆஃப். பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50, ஆக 200. தமிழும் ஆங்கிலமும் கணக்கில் இல்லை. அதனால் கணிதத்தில் 99 எடுத்த பிள்ளை ஆங்கிலத்தில் 61 எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறது. நம் ஊரில் அது கெட்டிக்காரத்தனம். அங்கே வாசிப்பவருக்குக் கட்-ஆஃப் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ஆறு பாடத்தையும் பார்ப்பார். ஆங்கிலத்தில் 61 எடுத்த பிள்ளை ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்றுதான் அவர் யோசிப்பார். அந்தக் கவலை நியாயமானதும்கூட.

இப்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் வேண்டாம். தென் மாவட்டப் பெண். ஒன்பதில் 89, பத்தில் 94, பதினொன்றில் 64, பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டில் 88. கட்டுரை நன்றாக இருந்தது. அவளுடைய தாத்தாவின் தறியைப் பற்றி எழுதியிருந்தாள். பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் மூன்று வரிகள்: இவர் ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், கீழ்ப்படிதல் உள்ளவர். கீழே கையெழுத்து, ஊதா மையில் வட்ட முத்திரை. அதே பள்ளியிலிருந்து வந்த இன்னொரு பையனின் கோப்பிலும் அதே மூன்று வரிகள்தான். பெயர் மட்டும் வேறு.

ஒரு கோப்புக்கு எனக்குக் கிடைத்த நேரம் கால் மணிக்கும் குறைவு. என்னோடு வாசித்த இன்னொருவர் கேட்ட கேள்வி இன்றும் காதில் இருக்கிறது. "அந்த ஒரு வருஷம் என்ன நடந்தது?" கோப்பைப் புரட்டினோம். பதில் எங்கும் இல்லை. உடல்நலமா, குடும்பமா, படிப்பில் விருப்பம் விட்டுப்போனதா, மறுபடி அப்படி ஆகுமா, எதுவும் தெரியவில்லை. காத்திருப்புப் பட்டியலில் வைத்தோம். அந்த ஆண்டு காத்திருப்புப் பட்டியலிலிருந்து யாரையும் எடுக்கவில்லை.

ஜூலை மாதம் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு மின்னஞ்சல். இங்கேயே ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டாளாம். "தங்கை அடுத்த வருடம் விண்ணப்பிக்கிறாள். என் விண்ணப்பத்தில் என்ன குறை என்று சொன்னால் அவளுக்கு உதவியாக இருக்கும்" என்று கேட்டிருந்தாள். போகிற போக்கில் ஒரு வரி: பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி, பதினொன்றில் ஆங்கில வழிக்கு மாறியதால் அந்த ஆண்டு கொஞ்சம் சிரமப்பட்டேன்.

யோசித்துப் பாருங்கள். விசை, முடுக்கம், உந்தம் என்று படித்த பிள்ளை ஒரே நாளில் ஃபோர்ஸ், ஆக்ஸிலரேஷன், மொமென்டம் என்று படிக்க வேண்டும். தெரிந்த கணக்கையே தெரியாத மொழியில் வாசிக்க வேண்டும். அப்படி ஓர் ஆண்டைக் கடந்து, அடுத்த ஆண்டே 88க்கு ஏறியிருக்கிறாள். அவள் கோப்பில் இருந்தவற்றிலேயே பெரிய சாதனை அதுதான். அந்த ஒரு வரி கோப்பில் இருந்திருந்தால் நான் மேசையைத் தட்டி வாதாடியிருப்பேன். நான் தமிழ்ப் பெண். எனக்கே அது தோன்றவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, எங்கே எழுதுவது? அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தை ஏற்கின்றன. 1975இல் பதினைந்து கல்லூரிகளோடு தொடங்கியது அது. அதில் முதன்மைக் கட்டுரை 650 சொற்களுக்குள். அந்தக் கட்டுரையை மதிப்பெண் விளக்கத்துக்குச் செலவழிக்காதீர்கள். அது பிள்ளை யார் என்று காட்டுகிற இடம். தாத்தாவின் தறிக்கான இடம். விளக்கத்துக்குத் தனியாக இரண்டு பெட்டிகள் உண்டு. கூடுதல் தகவல் என்ற பெட்டி முன்பு 650 சொற்கள் வரை இருந்தது, 2025 முதல் 300ஆகக் குறைத்துவிட்டார்கள். சவால்களும் சூழ்நிலைகளும் என்று இன்னொன்று, 250 சொற்கள். இரண்டும் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்று போட்டிருப்பதால் நம் பிள்ளைகள் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

எழுதும்போது அழ வேண்டாம். "நான் வாழ்க்கையில் கடுமையான சோதனைகளைச் சந்தித்தேன், ஆனாலும் மனம் தளரவில்லை" என்று நூறு பேர் எழுதுகிறார்கள். அதில் வாசிப்பவர் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இப்படி எழுதுங்கள்: "பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். பதினொன்றில் ஆங்கில வழிக்கு மாறினேன். முதல் இரண்டு தேர்வுகளில் இயற்பியலில் 41, 48. ஆண்டு இறுதியில் 70. பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டில் 89." ஐந்தே வரி. காரணம் என்ன, எவ்வளவு காலம் நீடித்தது, பிறகு என்ன ஆனது, மூன்றும் வந்துவிட்டன. மன்னிப்புக் கேட்கும் தொனியும் இல்லை, பெருமையும் இல்லை.

காரணமே இல்லாமல் மதிப்பெண் குறைந்திருந்தால்? கிரிக்கெட், கைப்பேசி, சகவாசம், அந்த வயதில் நடப்பதுதான். அப்போது இல்லாத காய்ச்சலை உண்டாக்காதீர்கள். பெட்டியைக் காலியாக விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பேச விடுங்கள். மனநலம், வீட்டுச் சண்டை போன்ற விஷயமாக இருந்தால் எல்லாவற்றையும் திறந்து காட்ட வேண்டிய கட்டாயம் பிள்ளைக்கு இல்லை. நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியர், பிள்ளையின் சம்மதத்தோடு, இரண்டு வரி சுருக்கமாக எழுதினால் போதும்.

ஆசிரியர்களுக்கு நான் தனியாக ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டும். நீங்கள் எழுதும் கடிதத்துக்கு அங்கே இருக்கும் எடை நம் ஊரில் பலருக்குத் தெரியாது. இங்கே நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிப் பழகிவிட்டோம். அது பிள்ளை குற்றம் எதுவும் செய்யவில்லை என்று மட்டும் சொல்கிற தாள். அங்கே கேட்பது வேறு. இந்தப் பிள்ளை வகுப்பில் என்ன கேள்வி கேட்டது? எங்கே தடுமாறி எப்படி எழுந்தது? நீங்கள் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். ஆங்கிலம் அழகாக இருக்க வேண்டியதில்லை. உண்மையாக இருந்தால் போதும். பள்ளியின் பெயரில் உள்ள மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். யாரும் தொடங்கக்கூடிய இலவச மின்னஞ்சலிலிருந்து கடிதம் வந்தால், எழுதியது ஆசிரியர்தானா என்ற சந்தேகம் முதல் நொடியிலேயே வந்துவிடும்.

அதோடு பள்ளியைப் பற்றி ஒரு பக்கம் இணைக்க வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை இதைச் செய்கின்றன. நம் பள்ளிகளில் மிகச் சிலவே செய்கின்றன. எந்தப் பாடத்திட்டம், எந்த வழிக் கல்வி, வகுப்பில் எத்தனை பேர், தேர்ச்சி மதிப்பெண் 35 என்பது, போன ஆண்டு பள்ளியின் முதல் மதிப்பெண் எவ்வளவு, தொண்ணூறுக்கு மேல் எத்தனை பேர், இவ்வளவுதான். ஒரு பள்ளியில் முதல் மாணவரே 83 என்றால், 78 எடுத்த பிள்ளை அங்கே உயர்ந்த இடத்தில் நிற்கிறது. இந்தப் பக்கம் இல்லாவிட்டால் 78 வெறும் 78தான். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் 78 என்பது சுமாரான மதிப்பெண், சி என்று எழுதுவார்கள். நாமோ 60க்கு மேல் முதல் வகுப்பு என்று வளர்ந்தவர்கள். தலைமை ஆசிரியர் ஒரு முறை உட்கார்ந்து இதை எழுதிவிட்டால் பத்து ஆண்டுகளுக்கு எண்களை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாம். தயவுசெய்து செய்யுங்கள்.

இதனால்தான் நீங்களே மதிப்பெண்ணை அமெரிக்காவின் நான்கு புள்ளி முறைக்கு மாற்றிப் போடாதீர்கள் என்கிறேன். மதிப்பெண்ணை நான்கால் பெருக்கி நூறால் வகுத்து 78க்கு 3.12 என்று எழுதி அனுப்பிய விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு, பிள்ளைக்கே பாதகம். பள்ளி தந்த எண்ணைப் பள்ளி தந்தபடியே கொடுங்கள். மாற்றுவதற்கு அங்கே ஆள் இருக்கிறார்கள். வெளி மதிப்பீடு கேட்டால் மட்டும் அவர்கள் சொல்லும் நிறுவனத்தின் மூலம் செய்யுங்கள்.

வளைகுடாவில் ஒன்பதாம் வகுப்பு, இங்கே பத்து முதல் என்று இரண்டு மூன்று பள்ளி மாறிய பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். ஒன்பது முதல் படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் பட்டியல் வேண்டும். மஸ்கட்டிலோ தோஹாவிலோ உள்ள பழைய பள்ளிக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். டிசம்பரில் கேட்டால் வந்து சேராது.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020இல் பெருந்தொற்று காரணமாகப் பல கல்லூரிகள் அதை விருப்பத் தேர்வாக்கின. பிறகு எம்ஐடி 2022லும், டார்ட்மத், பிரௌன், ஹார்வர்ட், கால்டெக் ஆகியவை 2024லும் மறுபடி கட்டாயம் என்று அறிவித்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் அதைப் பார்ப்பதே இல்லை. ஏறி இறங்கிய மதிப்பெண் உள்ள பிள்ளைக்கு 1600க்கு 1400க்கு மேல் வந்தால், அந்தப் பள்ளம் திறமைக் குறைவால் வந்ததல்ல என்று காட்ட ஒரு சாட்சி கிடைக்கிறது. டார்ட்மத் 2024இல் முடிவை மாற்றியபோது சொன்ன காரணமும் இதுதான்: வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த பலர், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணைக் குறைவு என்று நினைத்து அனுப்பாமலே விட்டிருக்கிறார்கள். அங்கேயும் மறைப்பதுதான் கேடு செய்திருக்கிறது.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதற்கு வருகிறேன். இதில் நிதானம் வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகம் சராசரி கணக்கிடும்போது பத்து, பதினொன்று ஆகிய இரண்டு ஆண்டுகளைத்தான் எடுக்கும். வெளிநாட்டு மாணவருக்குக் குறைந்தது 3.4 வேண்டும். பரிந்துரைக் கடிதம் பொதுவாகக் கேட்பதில்லை. ஆகவே ஒன்பதில் சறுக்கிய பிள்ளைக்கு அது நல்ல கதவு. பதினொன்றில் சறுக்கிய பிள்ளைக்கு, பள்ளியிலிருந்து நேராகப் போவதற்கு, அது கடினமான கதவு.

ஆனால் அதே பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. அதைச் சொன்னால் பெற்றோர் முகம் சுருங்குகிறது. கம்யூனிட்டி காலேஜ். பாலிடெக்னிக் மாதிரியா, டுடோரியல் மாதிரியா என்று கேட்கிறார்கள். இல்லை. பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைச் சொல்லித்தரும் அரசுக் கல்லூரிகள் அவை. முதலாவது 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கியது. இன்று கலிபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. பெரும்பாலானவை எஸ்ஏடி கேட்பதில்லை. எஃப்-1 மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தை அவற்றில் பல தருகின்றன. அங்கே இரண்டு ஆண்டு படித்து 60 செமஸ்டர் யூனிட் முடித்தால் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்கு மாறலாம். அப்போது எடை போடுவது அந்த இரண்டு ஆண்டு மதிப்பெண்ணை. பதினோராம் வகுப்பு அங்கே பேச்சில் வராது. டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், அவை வைத்த நிபந்தனைகளை நிறைவு செய்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுத்தில் தருகின்றன. அந்த உறுதியை ஒரு வளாகத்தில் மட்டுமே கேட்கலாம். பட்டம் வாங்கும்போது சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் குடியிருப்பவருக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், வெளிநாட்டு மாணவருக்கு அதைப் போலப் பல மடங்கு. உதவித்தொகை மிகக் குறைவு. விடுதி பெரும்பாலும் கிடையாது, பதினெட்டு வயதுப் பிள்ளை வீடு பிடித்துச் சமைத்துச் சாப்பிட வேண்டும். சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலின்போது ஏன் இந்த வழி என்று பிள்ளை தன் வாயால் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும், இடைப்பட்ட மதிப்பெண்ணும் ஓரளவு பணமும் உள்ள குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

பணத்தைப் பற்றி நேராகப் பேச வேண்டும். வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்று பார்க்காமலே சேர்க்கையை முடிவு செய்து, தேவையான உதவியையும் முழுதாகத் தரும் கல்லூரிகள் மிகச் சில. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன், பிரௌன் அவற்றில் அடங்கும். உலகம் முழுவதும் மோதும் இடங்கள் அவை. மற்ற இடங்களில் உதவி கேட்டால் வாய்ப்புக் குறையும். ஏறி இறங்கிய மதிப்பெண்ணும் வேண்டும், முழு உதவியும் வேண்டும் என்றால் அது மிகக் கடினம். இதைச் சொல்லாமல் உங்களை அனுப்பினால் நான் செய்வது துரோகம். வீட்டை அடமானம் வைக்கும் முன் நான்கு ஆண்டுக் கணக்கைப் போடுங்கள். ஐ-20இல் வரும் தொகை முதல் ஆண்டுக்கானது மட்டும்.

முகவர்கள். அமெரிக்க மாணவரைச் சேர்த்துவிடுவதற்குக் கமிஷன் கொடுப்பதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டு மாணவருக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே உங்கள் எதிரில் உட்கார்ந்து யோசனை சொல்பவர் அந்தக் கல்லூரியிடம் பணம் வாங்குபவராக இருக்கலாம். எல்லோரும் மோசமானவர்கள் என்று சொல்லவில்லை. "உங்களுக்கு யார் பணம் தருகிறார்கள்?" என்று முதல் நாளே கேளுங்கள். பட்டியலில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சேர்ந்த பிறகும் பள்ளியிடமிருந்து இறுதிப் பட்டியல் கேட்பார்கள். பொய் தெரிந்தால் படிப்பும் விசாவும் போகும். இலவசமாக ஆலோசனை தர அமெரிக்க வெளியுறவுத் துறையின் எஜுகேஷன்யுஎஸ்ஏ இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது.

காலத்தையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 மே கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய தேதி தருவதைச் சில வாரங்கள் உலகம் முழுவதும் நிறுத்திவைத்தார்கள். அந்த வாரங்களில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி அழுகைதான்.

அந்த அம்மாவிடம் வருகிறேன். மறைக்க வழியில்லை அம்மா, பையனை அழைத்து வாருங்கள் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நல்ல உயரம், கண்ணாடி போட்ட பையன். நான் அந்தப் பழைய கேள்வியைத்தான் கேட்டேன்.

"பதினொண்ணுல என்னப்பா ஆச்சு?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பத்தாவதுல ரெண்டாவது பெஞ்சு மேடம். பதினொண்ணுல உசரமாயிட்டேன்னு கடைசி பெஞ்சுக்கு அனுப்பிட்டாங்க. போர்டுல எழுதுறது தெரியல. பக்கத்துல இருக்கவன் நோட்டைப் பாத்துத்தான் எழுதுவேன். அவன் தப்பா எழுதுனா நானும் தப்பா எழுதுவேன்."

அம்மா திரும்பிப் பார்த்தார். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனச்சேன்மா."

பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கியபோதுதான் கண்ணாடி வாங்கினார்களாம். அரையாண்டில் 86. இதை எழுதலாமா என்று கேட்டான். எழுது, வகுப்பாசிரியரிடமும் சொல், அவர் கடிதத்தில் ஒரு வரி வரட்டும் என்றேன். எந்தத் தேதியில் கண்ணாடி வாங்கினோம் என்று அவனுக்கு நினைவில்லை. அம்மா பாலிதீன் கவரைப் பிரித்து மதிப்பெண் பட்டியல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். அடியில், நான்காக மடித்து, கண்ணாடிக் கடை ரசீது இருந்தது. ஜூன் மாதத் தேதி.